பாய் இறங்கிய பின்

சென்ற ஆவணியில் எங்கள் வாசகர் வட்டத்தில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை எடுத்துக்கொண்டோம். உத்திரமேரூரில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடும் வட்டம் இது. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடிந்து தேநீரோடு கலைந்துவிடும். அன்று இரவு பத்தரை மணிவரை முடியவில்லை. முடிவில் இருவர் ஒருவரோடொருவர் பேசாமலே படியிறங்கிப் போனார்கள். அந்தச் சண்டையை ஒட்டியே இதை எழுதுகிறோம்.

1977இல் வெளியான அந்நாவலில் லாஞ்சிக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் இடையே பகை புகைந்துகொண்டிருக்கும். தன் வல்லத்தை விட்டுப் பிரிய மனமில்லாத குரூஸ் மிக்கேலின் பக்கமே எங்களில் பெரும்பாலோர் நின்றோம். பாய்மரம் என்பது காற்றோடு மனிதன் செய்துகொண்ட உடன்படிக்கை, எந்திரம் அதை முறித்தது என்ற பொருளில் அழகழகாகப் பேசினோம். பிலோமியின் காதலைக்கூட ஓரமாக வைத்துவிட்டுக் காற்றைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருப்போம். அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு நண்பர் சிரித்தார். அவருடைய தாயார் சதுரங்கப்பட்டினத்துக்கு அருகில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். “என் தாத்தாவின் உள்ளங்கையை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பாய்மரத்தை அழகு என்று சொல்ல நாக்கு எழாது” என்றார். காற்று விழுந்த நாட்களில் கட்டுமரத்தைத் துடுப்பாலேயே கரைக்குக் கொண்டுவந்த கை அது. அவருடைய மாமா இன்று காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போகிறார். “மாமாவிடம் போய்ப் பாய்மரத்துக்குத் திரும்புகிறீர்களா என்று கேளுங்கள், என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்” என்றார் நண்பர். எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் குரல் உயர்வது இயல்பு, உயர்ந்தது.

கடலைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்ற கேள்வியும் அன்று எழுந்தது. நியாயமான கேள்விதான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடற்கரை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. பல்லவர்களின் துறைமுகத்தைத் தன் பேரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்று ஒரு சாண் கடற்கரையும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பெருநீர் ஊர் ஏரிதான். ஆனால் மீன் தின்னாதவர்கள் எங்கள் வட்டத்தில் இருவரே. மற்றவர்களின் தட்டுக்கு வரும் சங்கராவும் இறாலும் எந்தப் படகில் ஏறி வந்தன என்று கேட்டுக்கொள்ளும் கடமையாவது எங்களுக்கு இருக்கிறது அல்லவா?

பாய்மரத்திலிருந்து டிராலருக்கு மாறுவது என்ற தொடருக்கு மேலை நாடுகளில் வேறொரு பொருளும் உண்டு. ஓய்வுக் காலத்தில் படகிலேயே குடியிருந்து கரையோரமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் கயிறு இழுக்கவும் சாய்ந்த தளத்தில் ஏறி இறங்கவும் முடியாமல் பாய்மரப் படகை விற்றுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக மழை வெயில் படாத சுக்கான் அறையும் சமையலறையும் கொண்ட, நிதானமாகச் செல்லும் எந்திரப் படகை வாங்குகிறார்கள். அதற்கு ‘டிராலர்’ என்று பெயர். மீன்பிடி இழுவைப்படகின் உருவத்தை ஒட்டிக் கட்டியதால் வந்த பெயர். மடியும் கிடையாது, மீனும் கிடையாது. அவர்களுடைய விவாதமெல்லாம் எது சுகம், எது செலவு, எது மனத்துக்கு நிறைவு என்பதுதான். அதில் நாம் குற்றம் காண ஏதுமில்லை. மாற்றத்தின் விலையை மாறுகிறவரே கொடுக்கிறார்.

அந்த மேலைப் பயணிகளில் ஒருவர் தமிழ்க் கடலோரத்துக்கே பாய்மரம் தேடி வந்த கதையும் உண்டு. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் சிறு பாய்மரப் படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர். 1930களில் அவர் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் மாசசூசெட்சின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலுக்கு ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயரும் மாறிவிட்டிருந்தது. எந்திரக் கப்பல்கள் நிறைந்துவிட்ட உலகத்தில் பாய்மரம் ஒரு செல்வந்தரின் விருப்பப் பொருளாகிவிட்டிருந்தது. அதை ஓட்டிப் போனவர்களுக்கோ அது அன்றாடப் பிழைப்பு. இன்று நாங்கள் மொட்டை மாடியில் பேசிய பேச்சு ராபின்சனின் பக்கத்திலிருந்து பேசியதே தவிர மாலுமிகளின் பக்கத்திலிருந்து பேசியதல்ல. கரிகாலனின் முன்னோர் காற்றைத் தம் தொழிலுக்கு ஏவிக்கொண்டவர் என்று வெண்ணிக் குயத்தியார் பாடியதை மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். காற்று ஏவலுக்கு மறுத்த நாட்களில் உலை கொதிக்காத குடிசைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இருந்தாலும் பாய் இறங்கியதோடு ஏதோ ஒன்று இழக்கப்பட்டது என்ற எங்கள் உணர்வு முற்றிலும் பொய்யல்ல. அது அழகு அல்ல, வேறொன்று. அது என்ன என்று கண்டுபிடிக்க அந்தச் சண்டைக்குப் பிறகு சில வாரங்கள் ஆயின.

சோழமண்டலக் கரையில் கட்டுமரம் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் கிளம்பும். முற்பகல் கடந்து கடற்காற்று எழும்போது அதைப் பாயில் வாங்கிக்கொண்டு திரும்பும். போவதும் வருவதும் காற்றின் கணக்கு. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எதில் எந்த மீன் படும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். (கச்சான் என்றால் ஈழத்தில் நிலக்கடலையும்கூட. எங்கள் வட்டத்தில் ஒருவர் ஈழத்துச் சிறுகதை ஒன்றை வெகுநேரம் தவறாகப் படித்துக்கொண்டிருந்தார்.) புயலடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மரம் கரையேறிக் கிடக்கும். அந்த நாட்களில் கடல் தானாகவே ஓய்வு கொண்டது. எட்டிப்போகவும் முடியாது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அரிக்கவும் முடியாது, கட்டுமரத்தில் ஏற்றும் அளவுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. இதை மீனவரின் அறம் என்று புகழ்வது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். அது அறம் அல்ல, இயலாமை. ஆனால் அந்த இயலாமை ஒரு வேலியாக நின்றது. பாய் இறங்கியபோது வேலி விழுந்தது. அந்த இடத்தில் வேறு வேலியை யாரும் நடவில்லை. இதுதான் எங்கள் கருத்து. மேலே சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவே.

விழுந்த விதத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1953இல் கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய – நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கியது. சிறு மீனவரின் படகுக்கு எந்திரம் பூட்டி அவர் வருவாயை உயர்த்துவதே அதன் முதல் நோக்கம். நல்ல நோக்கம். பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்குக் கொடுத்த விலை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இறால் அடிக்கடலில் வாழ்வது. அதைப் பிடிக்க அடிக்கடலை வழித்தெடுக்கும் இழுவைமடி தேவை. அந்த மடியை மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்க எந்திரம் தேவை. 1960களில் அரசின் உதவியோடு இழுவைப்படகுகள் தமிழகக் கரையிலும் பெருகின. கடலையே பார்த்திராத முதலாளிகளும் படகு வாங்கினார்கள். கட்டுமரத்தில் படகுக்காரரும் தொழிலாளியும் ஒரே மரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விசைப்படகில் ஒருவர் கடலில், ஒருவர் கரையில்.

மடி வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பற்றிப் பேசுவது வீண். மடியின் வாய் இருபக்கமும் இரண்டு கனத்த பலகைகளால் விரிந்து நிற்கும். அதன் அடிக்கயிறு தரையைத் தொட்டபடி போகும். சேறு, சிப்பி, பாசி, முட்டை, குஞ்சு என்று வழியில் உள்ளதெல்லாம் உள்ளே சேரும். மேலே இழுத்துக் கொட்டினால் விலைபோகும் இறாலும் மீனும் ஒரு பங்கு. பொடிமீனும் கழிவும் வேறொரு பங்கு. அதற்குச் சங்காயம் என்று பெயர். முன்னே கடலில் எறிவார்கள். பிறகு அது கருவாடாகவும் கோழித்தீவனமாகவும் விலைபோகத் தொடங்கியது. விலை கிடைத்த பிறகு அதைப் பிடிக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. கோழிக்கறி தின்று நாங்கள் கடலைக் காப்பாற்றுகிறோம் என்று அன்று சொன்ன சைவ நண்பருக்காக இதை எழுதிவைக்கிறோம். (அவர் கோழியும் தின்பதில்லை, பிறருக்குப் பரிந்துரைத்தார்.)

பாய்மரக் காலம் முற்றிலும் தூயது என்று இங்கும் சொல்லிவிட முடியாது. 1376இலேயே இங்கிலாந்தின் நாடாளுமன்றத்துக்கு ஒரு முறையீடு போயிருக்கிறது. கடலடியைச் சுரண்டும் புதுவகை மடியொன்று செடியையும் சிப்பியையும் சிறுமீனையும் அழிக்கிறது, பிடித்த பொடிமீனைப் பன்றிக்குப் போடுகிறார்கள் என்பது புகார். அந்த மடியை இழுத்தது பாய்மரப் படகு. 19ஆம் நூற்றாண்டில் பிரிக்சம் துறைமுகத்தின் இழுவைப்படகுகள் பாய் விரித்தவைதாம். 1880களில் நீராவி வந்த பிறகுதான் அழிவின் வேகம் கைமீறியது. ஆக, பேராசை எந்திரத்தோடு பிறந்ததல்ல. எந்திரம் அதற்குக் காற்றின் அனுமதி தேவையில்லாமல் செய்தது, அவ்வளவுதான்.

தமிழகத்தில் 1970களின் மோதல்களுக்குப் பிறகு 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று அது அப்போது விதித்தது. 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் தடைக்காலம். 2017 முதல் அது 61 நாள், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பாக் நீரிணைக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் நெடுங்காலமாக உண்டு. காற்று கூலி வாங்காமல் செய்துவந்த வேலையை அரசாணைகளால் செய்ய முயல்கிறோம். தடைக்காலம் ஒன்றுதான் ஓரளவுக்கு மதிக்கப்படுகிறது. கரையோர எல்லையை இரவில் யார் அளப்பது?

இனி வருவது எங்கள் வட்டத்தில் சிலருக்குப் பிடிக்காத பகுதி. பாக் நீரிணை ஆழமற்ற கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. நம் பக்கத்தை இழுவைமடியால் வழித்துத் தீர்த்த பிறகு படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகின்றன. அந்தப் பக்கத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறுபடகில் வலை விரிப்பவரும் தமிழரே. போர்க்காலத்தில் கடலுக்குள் இறங்கவே தடைகளைச் சுமந்தவர். 2009க்குப் பின் கடன் வாங்கி வலை வாங்கியவர். அந்த வலைகள் நம் இழுவைப்படகுகள் போகும் வழியில் அறுபடுகின்றன. இலங்கை 2017இல் தன் கடலில் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் மீனவரைச் சுடுவதும் அடிப்பதும் சிறையிலடைப்பதும் கொடுமை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஈழத் தமிழருக்காகக் கவிதை எழுதி அரை நூற்றாண்டு ஆன நம் இலக்கிய உலகம், அதே தமிழரின் அறுந்த வலையைப் பற்றி ஒரு வரி பேசத் தயங்குகிறது. பேசினால் இராமேசுவரத்துக்குத் துரோகம் என்பார்களோ என்ற அச்சம். இராமேசுவரத்தின் படகுத் தொழிலாளிக்கும் நாளை அந்தக் கடலில் மீன் வேண்டும் என்பதை மறந்துவிட்டு வரும் அச்சம் அது.

2017இலேயே இன்னொரு மாற்றமும் அறிவிக்கப்பட்டது. பாக் நீரிணையின் 2,000 இழுவைப்படகுகளை மூன்றாண்டுகளில் விலக்கிவிட்டு, தூண்டில் கொண்டு சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளைக் கொடுப்பது. படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 விழுக்காடு மத்திய, மாநில அரசுகளின் மானியம். இலக்கின் அருகில்கூடப் போக முடியவில்லை. மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கச் சொன்னால் அது வேறு தொழில், வேறு குடும்ப வாழ்க்கை. மீதிக் கடனும் அவர் தலையில். பாயிலிருந்து எந்திரத்துக்கு மாறச் சொன்னபோதும் அவரைக் கேட்கவில்லை, எந்திரத்திலிருந்து தூண்டிலுக்கு மாறச் சொன்னபோதும் போதிய அளவு கேட்கவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊரை இழுக்காமல் இருக்க முடியவில்லை. ஊர்ப் பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் இங்கே வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் தேர்தலுக்காக மட்டுமே நினைவுகூர்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். பொது நீரைக் காக்க ஒரு குழு. பதவி 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுமுறை குடவோலைக்குத் தகுதியற்றவர். அந்தச் சபை நிலமுடைய பிராமணரின் சபை, அதில் உழைத்தவனுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அதைப் பொற்காலமாக்கினால் பாய்மரத்தைப் பொற்காலமாக்கிய அதே தவறைச் செய்தவர்களாவோம். ஆனால் ஏரி தானாக நிரம்பித் தானாகக் காத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள் அவர்கள். கடல் அப்படிக் காத்துக்கொள்ளும் என்று நாம் 1960கள் வரை நம்ப முடிந்தது. இப்போது கடலுக்கும் வாரியம் வேண்டும். படகு முதலாளியோடு கூலிக்குப் போகிறவரும், நாட்டுப்படகுக்காரரும், மீன் விற்கும் பெண்ணும், முடிந்தால் அக்கரை மீனவரும் உட்காரும் வாரியம். கேலியாகத் தோன்றலாம். இரு கரை மீனவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியது பலமுறை நடந்திருக்கிறது, முறிந்தும் இருக்கிறது.

எழுத்தாளர்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறோம். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கட்டுமரத்தை எழுதியது. அவருடைய ‘கொற்கை’ (2009) தூத்துக்குடித் தோணிகளையும் அவற்றை நம்பி வாழ்ந்தவர்களையும் எழுதியது. ‘கடல்புரத்தில்’ வல்லத்தின் பக்கம் நின்று லாஞ்சியைப் பார்த்தது. மூன்றும் எங்களுக்குப் பிடித்தவை. ஆனால் லாஞ்சியின் உள்ளே நின்று, டீசல் புகையில் கண் எரிய, விடியற்காலையில் மடியைக் கொட்டிச் சங்காயத்தையும் இறாலையும் பிரிக்கும் ஒருவரின் கண்ணால் கடலைப் பார்த்த நாவல் எங்கள் வாசிப்பில் இதுவரை படவில்லை. அவருக்குக் காற்றின் பெயர்கள் தேவையில்லை. ஜிபிஎஸ் எண்கள் தெரியும், எந்த எண்ணுக்கு நேரே பாறை இருக்கிறது, எங்கே மடி கிழியும் என்று தெரியும். அதுவும் கடலறிவுதானே? அந்த மொழியை இழிவாக நினைத்து நாம் வாடைக்கும் கொண்டலுக்கும் மட்டும் இலக்கியத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அன்று மாடியில் சிரித்த நண்பரின் மாமா எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த நண்பர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. கார்த்திகையில் வந்தார். புயல் எச்சரிக்கையால் மாமா ஒரு வாரமாகக் கரையில் இருப்பதாகச் சொன்னார். படகு கிளம்பாவிட்டால் கூலி இல்லை. பாய்மரக் கேள்வியை மாமாவிடம் கேட்டீர்களா என்று விசாரித்தோம். கேட்டாராம். பாய் வேண்டாம், மடியின் கண்ணைப் பெரிதாக்கச் சொல், எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரி பெரிதாக்கச் சொல், நான் மட்டும் பெரிதாக்கினால் என் மீன் பக்கத்துப் படகுக்குப் போகும் என்றாராம்.